காலியாகவே கிடந்த இன்சிடென்ட் ஃபைல்: கோளாறு படிவத்தில் இருந்தது

வார்டு இன்சார்ஜாகி மூன்று மாதமாகியும், வார்டில் நேரும் தவறுகளை எழுதிச் சேர்க்கும் இன்சிடென்ட் ஃபைலில் ஒரு தாள்கூடச் சேரவில்லை. 30 படுக்கை மெடிக்கல் வார்டில் அது நடக்காத காரியம். கூடவே நைட் டியூட்டிக்குத் திடீர் லீவுகள்.

சர்க்குலர் போட்டேன், எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள், ஃபைல் காலி. வாராவாரம் மீட்டிங் வைத்தேன். நான் பேசினேன், அவர்கள் தலையாட்டினார்கள். பெயரில்லாமல் எழுதிப் போடப் பெட்டி வைத்தேன், அதிலும் ஒன்றுமில்லை.

மருந்து டிராலியைச் சரிபார்க்கும்போது ஊசி மருந்து கலக்கும் டிஸ்டில்டு வாட்டர் தட்டில் 10 மில்லி பொட்டாசியம் குளோரைடு ஆம்பூல் (மருந்துக் குப்பி) ஒன்று கிடந்தது. அதை நீர்க்கச் செய்யாமல் நரம்பில் ஏற்றினால் இதயமே நின்றுவிடும். "முன்னாடியும் இப்படி இருந்திருக்கு சிஸ்டர், எழுதினா மெமோதானே வரும்" என்றார் ஜூனியர் நர்ஸ். படிவத்தை எடுத்துப் பார்த்தேன். முதல் கட்டமே "தவறு செய்தவர் பெயர்".

நர்சிங் சூப்பரின்டென்டென்டிடம் அனுமதி வாங்கி அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டு, "எதனால் நேர்ந்தது?" என்று போட்டேன். முதல் தாளை என் தவறைப் பற்றி நானே எழுதினேன். பொட்டாசியம் ஆம்பூல்கள் டிராலியிலிருந்து தனிப் பூட்டுப் பெட்டிக்குப் போயின. ஒவ்வொரு தாளுக்கும் என்ன செய்தோம் என்பது 48 மணி நேரத்தில் வார்டு பலகையில் ஏறும். ஷிஃப்ட் மாறி ஓவர் கொடுக்கும்போது (அடுத்த டியூட்டிக்காரர்களிடம் நோயாளிகளின் நிலையைச் சொல்லி ஒப்படைக்கும்போது) ஜூனியர்தான் முதலில் பேசுவார். சீனியர் தொடங்கினால் மற்றவர்கள் வாய் திறப்பதில்லை.

அடுத்த மாதம் 9 தாள் வந்தது. எண்ணிக்கை கூடுகிறதே என்று பதறி ஒரு மெமோ கொடுத்தாலும் ஃபைல் மறுபடி காலிதான்.

லீவுக்குத் தனி வேலை தேவைப்பட்டது: ரோஸ்டரை 2 வாரம் முன்பே ஒட்டி, டியூட்டி மாற்றிக்கொள்ள ஒரு நோட்டு வைத்தேன்.