ஏஐ ஏஜென்ட்டுக்குப் புரியும்படி டூல் விளக்கம் எழுதுவது எப்படி?

பயனர் சொன்ன வேலையை, மற்ற நிரல்களைத் தானே கூப்பிட்டு முடிக்கும் ஏஐ மென்பொருள்தான் ஏஐ ஏஜென்ட். அது கூப்பிடுவதற்காகக் கொடுக்கப்படும் ஃபங்ஷனை (ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்யும் நிரல் துண்டு) 'டூல்' என்பார்கள். நீங்கள் எழுதிய ஃபங்ஷனை ஏஜென்ட் கூப்பிடும்போது, பொதுவாக அது உங்கள் நிரலைப் பார்ப்பதில்லை. அதன் கண்ணில் படுவது மூன்றுதான்: டூலின் பெயர், ஒரு விளக்கப் பத்தி, என்னென்ன உள்ளீடு எந்த வடிவத்தில் வேண்டும் என்று சொல்லும் பட்டியலான ஜேசன் ஸ்கீமா. ஓப்பன்ஏஐ 2023 ஜூனில் கொண்டுவந்த ஃபங்ஷன் காலிங்கிலும் சரி, ஆந்த்ரோபிக் 2024 நவம்பரில் வெளியிட்ட எம்சிபியிலும் (ஏஐ மென்பொருளை வெளி டூல்களோடு இணைக்கும் பொது நெறிமுறை) சரி, அடிப்படை இதுதான். விளக்கத்தில் ஒரு வரி குறைந்தால் மனிதர் பக்கத்து சீட்டில் கேட்டுக்கொள்வார். ஏஜென்ட் பெரும்பாலும் கேட்காது, தானே ஒன்றை ஊகித்துக் கூப்பிட்டுவிடும்.

ரயில் தேடும் டூல் ஒன்றை எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

படி 1: பெயர்

'தேடு' என்று மொட்டையாக வைக்காதீர்கள். 'ரயில்_தேடு', 'பிஎன்ஆர்_நிலை_பார்' என்று செயலும் பொருளும் தெரிய வேண்டும். (பல தளங்கள் ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு, சிறுகோடு மட்டுமே ஏற்கும். இங்கே புரிவதற்காகத் தமிழில் எழுதுகிறேன்.)

படி 2: விளக்கம்

'ரயில்களைத் தேடும்' என்று எழுதினால் பெயரையே இன்னொரு முறை சொன்னதாக ஆகும். இப்படி எழுதிப் பாருங்கள்:

"இரண்டு நிலையங்களுக்கு இடையே குறிப்பிட்ட தேதியில் ஓடும் ரயில்களையும் ஒவ்வொரு வகுப்பின் இட நிலவரத்தையும் தரும். டிக்கெட் பதிவு செய்யாது. ஏற்கெனவே பதிவான டிக்கெட்டின் நிலைக்கு இதைப் பயன்படுத்த வேண்டாம். அதற்கு பிஎன்ஆர்_நிலை_பார் உள்ளது. பயணத் தேதி இன்றிலிருந்து 60 நாளுக்குள் இருக்க வேண்டும்."

என்னைக் கேட்டால், நடுவில் இருக்கும் 'செய்யாது', 'வேண்டாம்' வரிகள்தான் அதிகம் உதவுபவை. ஒன்றுபோல் தெரியும் இரண்டு டூல்களில் எதை எடுப்பது என்பதை அவைதான் தீர்மானிக்கின்றன.

அந்த 60 நாளும் சும்மா சேர்த்ததில்லை. முன்பதிவுக் காலம் 120 நாளாக இருந்தது. 2024 நவம்பர் 1 முதல் 60 ஆனது. இணையத்தில் பழைய பக்கங்கள் இன்னும் ஏராளம். அவற்றைப் படித்துப் பழகிய ஏஐ மாடல் 120 என்றே நம்பிக்கொண்டிருக்கலாம். உங்கள் துறையில் சமீபத்தில் மாறிய விதி எதுவாக இருந்தாலும் விளக்கத்தில் எழுதிவிடுங்கள்.

படி 3: உள்ளீடுகள்

அதிகத் தவறு நடக்கும் இடம் இது. புறப்படும் நிலையம் என்று போட்டு, வகை 'ஸ்ட்ரிங்' (ஏதோ ஓர் எழுத்துத் தொடர்) என்று விட்டுவிட்டால் என்ன ஆகும்? பயனர் "சென்னையிலிருந்து மதுரை" என்கிறார். சென்னை என்றால் சென்ட்ரலா (நிலையக் குறியீடு எம்ஏஎஸ்), எழும்பூரா (எம்எஸ்), தாம்பரமா (டிபிஎம்)? ஏஜென்ட் சென்ட்ரலைப் போட்டுத் தேடினால், எழும்பூரிலிருந்து கிளம்பும் ரயில்கள் விட்டுப்போகும். மதுரைப் பக்கம் போகும் ரயில்களில் பல அங்கிருந்துதான் கிளம்புகின்றன. ஆகவே அந்த உள்ளீட்டின் விளக்கத்திலேயே எழுதுங்கள்: "நிலையக் குறியீடு மட்டும். ஊர்ப் பெயர்தான் தெரியும் என்றால் முதலில் நிலையம்_தேடு டூலைக் கூப்பிடவும். குறியீட்டை ஊகிக்க வேண்டாம்."

தேதியும் அப்படித்தான். 05/06/2026 என்பது நமக்கு ஜூன் 5, அமெரிக்கருக்கு மே 6. 'ஆண்டு-மாதம்-நாள், உதாரணம் 2026-06-05' என்று வடிவத்தோடு ஒரு மாதிரியையும் கொடுங்கள். "நாளைக்கு" என்று பயனர் சொன்னால் இன்றைய தேதி ஏஜென்ட்டுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதை எங்கிருந்து எடுப்பது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

வகுப்புக்கு இந்த மதிப்புகள் மட்டுமே வரலாம் என்று ஒரு பட்டியலாக (எஸ்எல், 3ஏ, 2ஏ...) பூட்டிவிடலாம். கட்டாயமில்லாத உள்ளீடு என்றால், அதை விட்டால் என்ன நடக்கும் என்று ஒரு வரி: "கொடுக்காவிட்டால் எல்லா வகுப்புகளும் வரும்."

படி 4: திரும்ப வருவது

'ஆர்ஏசி 14' என்று வந்தால் ஏறிப் பயணம் செய்யலாம், ஆனால் படுக்கை உறுதியில்லை, உட்கார இடம் மட்டும் கிடைக்கலாம். 'டபிள்யூஎல் 14' காத்திருப்போர் பட்டியல். இந்த வித்தியாசத்தை எழுதாவிட்டால் ஏஜென்ட் இரண்டையும் 'டிக்கெட் இருக்கிறது' என்று சொல்லிவிடலாம். காலிப் பட்டியல் வந்தால் ரயில் இல்லை என்று அர்த்தமா, சர்வர் பதில் தரவில்லை என்று அர்த்தமா என்பதையும் தெளிவாக்குங்கள்.

படி 5: பிழைச் செய்தி

இதுவும் ஆவணம்தான். '400, தவறான கோரிக்கை' என்று வந்தால் ஏஜென்ட் அதே உள்ளீட்டோடு திரும்பத் திரும்ப முட்டும். "'சென்னை' நிலையக் குறியீடு அல்ல. நிலையம்_தேடு டூலில் குறியீட்டைப் பெற்று மீண்டும் முயலவும்" என்று வந்தால் அடுத்த முறையே சரியாகிவிடும்.

டிக்கெட் ரத்து மாதிரி பணம் போகும் டூல் என்றால் 'பயனரின் ஒப்புதல் பெற்ற பிறகே' என்று எழுதுங்கள். நிரலிலும் அந்தத் தடையை வையுங்கள். எழுத்தை மட்டும் நம்பி விடக் கூடாது.

படி 6: ஓட்டிப் பார்ப்பது

மக்கள் நிஜமாகக் கேட்கும் தோரணையில் கொஞ்சம் கேள்விகளைத் தயார் செய்யுங்கள்: "நாளைக்கு நைட்டு மதுரைக்கு ஏதாச்சும் ட்ரெயின் இருக்கா?" அப்புறம் பதிலைப் பார்க்கும் முன் லாகை (ஏஜென்ட் என்னென்ன செய்தது என்ற பதிவை) பாருங்கள். எந்த டூலைக் கூப்பிட்டது, என்ன உள்ளீடு கொடுத்தது? பதில் சரியாக இருந்தும் தவறான டூல் வழியாக வந்திருக்கலாம். தவறு தெரிந்த இடத்தின் விளக்கத்தைத் திருத்திய பிறகு, எல்லாக் கேள்விகளையும் மறுபடி ஓட்டுங்கள். ஒரு டூலில் சேர்த்த வரி, பக்கத்து டூலுக்குப் போக வேண்டிய கேள்வியையும் தன் பக்கம் இழுத்துவிடுவது உண்டு.