மேனுவல் லாக்கிங் ஹப் மாட்டலாமா? முதலில் முன் ஆக்ஸிலைப் பாருங்கள்

மேனுவல் லாக்கிங் ஹப் என்பது முன் சக்கரத்தின் நடுவில் உட்கார்ந்து, சக்கரத்தை ஆக்ஸிலோடு பிணைக்கவும் விடவும் கையால் திருப்பும் டயல் கொண்ட பாகம். எரிபொருள் மிச்சமாகும் என்பதற்காக மட்டும் அதை வாங்க நினைத்தால், வேண்டாம். கொஞ்சம் மிச்சமாகும்தான், ஆனால் ஹப்புக்குக் கொடுத்த காசை அது சீக்கிரம் திருப்பித் தராது. மாட்டுவதற்கு வலுவான காரணங்கள் வேறு. ஃபோர் வீல் போட்டால் கட்டாயம் பிடிக்கும் என்ற உறுதி வேண்டும். தேவையில்லாதபோது முன் ஆக்ஸிலை முழுதாகக் கழற்றிவிட வேண்டும். முன்பக்கம் ஏதாவது உடைந்தால் வண்டியை ஓட்டியே வீடு கொண்டுவந்து சேர்க்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்றாவது உங்களுக்குத் தேவையா என்று பாருங்கள்.

பார்ட்-டைம் வண்டியில், அதாவது தேவைப்படும்போது மட்டும் ஃபோர் வீல் போடும் வண்டியில், டூ வீலில் போகும்போது டிரான்ஸ்ஃபர் கேஸ் (சக்தியை முன், பின் ஆக்ஸில்களுக்குப் பிரித்தனுப்பும் பெட்டி) முன்பக்கத்துக்குச் சக்தி அனுப்பாது. ஆனாலும் சக்கரம் உருள்வதால் ஆக்ஸில் ஷாஃப்ட், டிஃபரன்ஷியல் (இடது, வலது சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் பல் சக்கரத் தொகுதி), முன் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் எல்லாம் சும்மாவே சுற்றிக்கொண்டிருக்கும். ஹப்பை ஃப்ரீயில் வைத்தால் சக்கரம் தன் பேரிங்கில் தனியாக உருளும், உள்ளே உள்ளதெல்லாம் அசையாமல் நிற்கும். லாக்கில் திருப்பினால் உள்ளே ஒரு பல் வளையம் நகர்ந்து ஆக்ஸில் முனையின் ஸ்ப்ளைன் பற்களையும் ஹப்பையும் ஒன்றாகப் பிணைக்கும். 1948-ல் ஆர்தர் வார்ன் சியாட்டிலில் தொடங்கிய நிறுவனம், போரில் மிஞ்சிய ஜீப்புகளைச் சாலைக்கு ஏற்றதாக மாற்ற இந்த ஹப்பைத்தான் முதலில் செய்து விற்றது. அன்றைய தேவை இன்றும் மாறவில்லை.

உங்கள் வண்டியில் இப்போது என்ன இருக்கிறது?

சக்கரத்தின் நடுவில் நிலையான டிரைவ் ஃபிளாஞ்ச் (ஆக்ஸிலையும் சக்கரத்தையும் எப்போதும் சேர்த்தே வைத்திருக்கும் தட்டு) இருந்தால், ஹப் மாட்டுவது எளிது, பலனும் தெரியும். நெடுஞ்சாலையில் முன் ஷாஃப்ட்டின் அதிர்வும் இரைச்சலும் நிற்கும், ஸ்டியரிங் லேசாகும், ஜாயின்ட்டுகளும் சீல்களும் கூடுதல் காலம் உழைக்கும்.

ஆட்டோமேட்டிக் ஹப் இருந்தால் மாற்றத்தான் சொல்வோம். ஆக்ஸில் சுற்றத் தொடங்கியதும் உள்ளே உள்ள கேம் ஏறிப் பிணைக்கிற அமைப்பு அது. சக்தி வரும் திசை மாறினால் அது விடுபட்டு மறுபடி பிடிக்கும். சேற்றில் முன்னும் பின்னும் ஆட்டி வெளியே வரப் பார்க்கும்போது ஒவ்வொரு முறையும் 'டக்' என்று கேட்பது அதுதான். கிரீஸ் கெட்டியானாலோ உள் பாகம் தேய்ந்தாலோ ஒரு பக்கம் மட்டும் பிடிக்காமல் போகும். சாதாரண டிஃபரன்ஷியல் இருக்கிற ஆக்ஸிலில் ஒரு பக்கம் பிடிக்கவில்லை என்றால் முன்பக்கம் முழுவதுமே இழுக்காது. எல்லாச் சுழற்சியும் பிடிக்காத பக்க ஷாஃப்ட்டுக்கே ஓடிவிடும். ஃபோர் வீல் விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்கும்.

காற்றை உறிஞ்சும் வேக்குவத்தால் பிணைகிற வேக்குவம் ஹப்பையும் மாற்றலாம். ஹப்புக்கு வரும் வேக்குவம் குழாயின் வாயை மட்டும் மறக்காமல் அடையுங்கள். திறந்துகிடந்தால் தண்ணீரையும் மண்ணையும் இழுத்துக்கொள்ளும்.

டிஃபரன்ஷியலுக்குள்ளேயே, அல்லது ஆக்ஸில் குழாயின் நடுவே, கழற்றிவிடும் அமைப்பு இருக்கிற வண்டிகளும் உண்டு. அது ஒழுங்காக வேலை செய்கிறவரை ஹப்புக்காகச் செலவழிப்பது வீண். அது அடிக்கடி மக்கர் செய்தால் மட்டும் யோசியுங்கள்.

சீல் செய்த யூனிட் பேரிங் (ஒரே தொகுதியாக வரும் பேரிங்) இருக்கிற முன் ஆக்ஸிலில் ஹப்பை மட்டும் வாங்கி மாட்ட முடியாது. அங்கே ஆக்ஸில் முனையில் இருக்கும் பெரிய நட்தான் பேரிங்கையே இறுக்கிப் பிடித்திருக்கிறது. ஸ்பிண்டில், ஹப், பேரிங், சில சமயம் பிரேக் டிஸ்க் வரை சேர்ந்த முழு கிட் தேவைப்படும். யூனிட் பேரிங் எப்படியும் போய்விட்டது, வண்டியையும் பல வருடம் வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால்தான் அந்தக் கணக்கு ஒத்துவரும்.

எப்போதும் நான்கு சக்கரமும் இழுக்கும் ஃபுல்-டைம் வண்டிக்குக் கண்டிப்பாக வேண்டாம். லேண்ட் ரோவர் டிஃபெண்டர் போல முன், பின் ஆக்ஸில்களுக்கு நடுவில் சென்டர் டிஃபரன்ஷியல் இருக்கிற வண்டியில் ஹப்பை ஃப்ரீ செய்தால், சக்தி முழுவதும் தடையில்லாத முன் ஷாஃப்ட்டுக்குப் போய் வண்டி நகரவே நகராது. சென்டர் டிஃப்பை லாக் செய்தால் ஓடும்தான். ஆனால் ஓட்டமெல்லாம் அப்படியே ஓட்டினால் முழுச் சுமையும் பின் ஆக்ஸில் மேல் விழும். முன் ஜாயின்ட்டுகளும் சுற்றாமல் எண்ணெய் காணாமல் கிடக்கும். டிரான்ஸ்ஃபர் கேஸையே பார்ட்-டைமாக மாற்றும் கிட் போடாமல் ஹப்பில் கை வைக்காதீர்கள்.

வாங்கும் முன்

ஆக்ஸில் முனையின் ஸ்ப்ளைன் பற்களை எண்ணுங்கள். ஒரே ஆக்ஸிலிலும் உள் முனையும் வெளி முனையும் வேறுபடலாம்: டேனா 44 என்ற ஆக்ஸிலில் உள்ளே 30 இருந்தாலும் ஹப் உட்காரும் வெளி முனையில் 19 பற்கள்தான். போல்ட் எண்ணிக்கையையும் பாருங்கள். அலாய் வீல் என்றால் நடுத் துளை வழியாக ஹப் வெளியே வருமா என்று அளந்துவிடுங்கள். ஹப் வெளியே எவ்வளவு துருத்தி நிற்கும் என்பதும் முக்கியம். பாறைப் பாதையில் அந்தத் துருத்தல்தான் முதலில் அடிவாங்கும். டயல் உலோகத்தில் இருப்பது நல்லது.

மாட்டும் முறை

பழைய டொயோட்டா ஹைலக்ஸ் போன்ற ஃபிளாஞ்ச் அமைப்பை வைத்துச் சொல்கிறோம். மற்ற வண்டிகளில் அளவுகள் மாறும். உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள எண்தான் கடைசி.

பின் சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை கொடுத்து, முன் ஆக்ஸிலை ஜாக்கியால் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். சக்கரத்தைக் கழற்றி, நடு மூடியை எடுத்து, ஆக்ஸில் முனையில் உள்ள சர்க்ளிப்பை (பள்ளத்தில் உட்காரும் வளையக் கிளிப்) பிரியுங்கள். பிறகு ஃபிளாஞ்சின் 6 நட்டுகளைத் தளர்த்துங்கள், ஆனால் முழுதாகக் கழற்றாமல் சில மரை விட்டு வையுங்கள். அதன் அடியில் இருக்கும் கோன் வாஷர்கள் இறுகிக் கிடக்கும். பித்தளைக் கம்பியை வைத்துச் சுத்தியலால் தட்டினால் வாஷர் எகிறும். நட் இருப்பதால் ஸ்டட்டின் (நட் ஏறும் நிலையான போல்ட்) மரை கெடாது. உளியைக் கொண்டு நெம்பினால் கோன் இருக்கைதான் கீறும்.

ஃபிளாஞ்ச் வெளியே வந்ததும் நேராக ஹப்பை மாட்டிவிடத் தோன்றும். நிறுத்துங்கள். இவ்வளவு தூரம் திறந்தபின் வீல் பேரிங்கைப் பார்க்காமல் மூடுவது தவறு. 54 மி.மீ. சாக்கெட் போட்டு லாக் நட்டை எடுங்கள். உள் நட்டைச் சுமார் 60 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கி, ஹப்பை இரு பக்கமும் சுற்றி பேரிங்கை உட்கார வையுங்கள். பிறகு அதைத் தளர்த்தி, லேசாக இறுக்கி, லாக் நட்டைத் திரும்பப் போடுங்கள். ஆட்டம் இருக்கக் கூடாது, சுற்றும்போது பிடிக்கவும் கூடாது. சக்கர ஸ்டட்டில் இழுவைத் தராசு மாட்டி அளந்தால் சந்தேகமே இருக்காது. பேரிங் ஆடினால் புது ஹப்பும் கோணலாகவே உட்காரும், ஸ்டட்டுகள் தளரும்.

பழைய கேஸ்கட்டைச் சுத்தமாகச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதியதை வையுங்கள். ஹப் உடலை ஏற்றி, கோன் வாஷர்களைப் பொருத்தி, நட்டுகளை எதிரெதிராக 31 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குங்கள். சர்க்ளிப் போட ஆக்ஸில் கொஞ்சம் வெளியே வர வேண்டும். முனையில் உள்ள மரைத் துளையில் 8 மி.மீ. போல்ட்டைத் திருகிப் பிடித்து இழுத்தால் வரும். சர்க்ளிப் பள்ளத்தில் சுற்றிலும் உட்கார்ந்ததா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

கிரீஸ் விஷயத்தில்தான் நிறையப் பேர் கெடுத்துக்கொள்கிறார்கள். ஹப்புக்குள் மெல்லிய பூச்சு போதும். அடைத்து நிரப்பினால் பல் வளையம் நகர இடம் இருக்காது. டயலைத் திருப்பியும் பாதியில் நிற்கும், குளிரில் இன்னும் மோசம். பாதி பிடித்த நிலையில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் பற்கள் நுனியில் உரசிச் சிதையும்.

மூடியைப் போடும்போது டயல் ஃப்ரீயில் இருக்க வேண்டும், மூடியின் நாக்குகள் ஹப் உடலில் பல் இல்லாத இடத்துக்கு நேராக வர வேண்டும். ஓ-ரிங்கில் லேசாகக் கிரீஸ் தடவுங்கள். மூடி போல்ட்டுகளுக்கு 10 நியூட்டன் மீட்டர்தான். சின்ன போல்ட்டுகள் என்பதால் கொஞ்சம் அதிகம் இறுக்கினாலும் முறிந்து உள்ளேயே நின்றுவிடும்.

வண்டியை இறக்கும் முன் டிரான்ஸ்ஃபர் கேஸை டூ வீலில் வைத்துச் சோதியுங்கள். ஃப்ரீயில் சக்கரத்தைக் கையால் சுற்றினால் ஆக்ஸில் ஷாஃப்ட் நிற்க வேண்டும். லாக்கில் அதுவும் கூடவே சுற்ற வேண்டும். இரண்டு பக்கமும் தனித்தனியாகப் பாருங்கள். 100 கிலோமீட்டர் ஓடியபின் ஹப் உடலின் நட்டுகளை ஒருமுறை டார்க் ரென்ச் வைத்து இறுக்கிவிடுங்கள்.

பயன்படுத்தும்போது

டயலைக் கையால் மட்டும் திருப்புங்கள், பிளையர் வேண்டாம். பற்கள் நேர்படாவிட்டால் வண்டியை அரை மீட்டர் நகர்த்தினால் திரும்பும். காய்ந்த தார்ச்சாலையில் ஃபோர் வீலில் ஓட்டியிருந்தால் ஆக்ஸில்கள் ஒன்றையொன்று முறுக்கிப் பிடித்திருக்கும். டூ வீலுக்கு மாற்றி, நேராகச் சில மீட்டர் பின்னால் போனால் விடும்.

லாக்கில் வைத்துக்கொண்டே டூ வீலில் ஓட்டினால் எதுவும் கெடாது. மழையிலும் பனியிலும் சாலை மாறி மாறி வரும் நாட்களில் அப்படியே விட்டுவிடுங்கள், உள்ளிருந்தே ஃபோர் வீல் போடலாம். ஃப்ரீயில் இருக்கும்போது ஓட்டத்தில் ஃபோர் வீல் போடக் கூடாது; முன் ஷாஃப்ட் நின்றிருப்பதால் பல் கடகடவென்று அரைக்கும். மாதத்துக்கு ஒருமுறையாவது லாக் செய்து 15 கிலோமீட்டர் போல ஓட்டுங்கள், முன் டிஃபரன்ஷியலின் மேல்பாகத்துக்கும் எண்ணெய் போகும்.

ஹப் ஃப்ரீயில் இருக்க, லோ ரேஞ்ச் போட்டால் பின் சக்கரம் மட்டும் மெதுவாக, பலமாக இழுக்கும். கெட்டித் தரையில் டிரெய்லரைப் பின்னோக்கித் திருப்ப இதைவிட வசதி கிடையாது. ஆனால் அவ்வளவு சக்தியும் ஒரே ஆக்ஸிலில் இறங்குவதால் ஆக்ஸிலரேட்டரை மெல்லத் தொடுங்கள்.

முன் ஜாயின்ட் வழியில் உடைந்தால் இரு பக்கமும் ஃப்ரீ செய்து, டூ வீலில் திரும்பிவிடலாம். ஹப்பே உடைந்தால் என்ன செய்வது? கழற்றிய டிரைவ் ஃபிளாஞ்சுகளைத் தூக்கிப் போடாமல், இரண்டு கேஸ்கட், இரண்டு சர்க்ளிப், சில ஸ்டட், கோன் வாஷர், மூடி போல்ட்டுகளோடு ஒரு துணிப்பையில் கட்டி வண்டியிலேயே வையுங்கள். சர்க்ளிப் பிளையரும் பித்தளைக் கம்பியும் அதே பையில் இருக்கட்டும்.