கணீர் குரலுக்கு ஒரு இங்கிலீஷ் வார்த்தை

ஸ்டென்டோரியன்னு ஒரு வார்த்தை இருக்கு, மைக்கே இல்லாம கடைசி வரிசை வரைக்கும் கேக்குற கணீர் குரல்னு அர்த்தம். பழைய கிரேக்கக் கவிஞர் ஹோமரோட இலியட் காவியத்துல 5ஆம் காண்டத்துல ஸ்டென்டார்னு ஒருத்தன் வருவான், ட்ராய் போர்ல கிரேக்கர் பக்கம், 50 பேர் சேந்து கத்துனா எவ்ளோ சத்தமோ அது அவன் ஒருத்தன் தொண்டையிலயே இருக்குமாம், ஹீரா தேவியே அவன் உருவத்துல வந்து நின்னு படையை திட்டித் திட்டி உசுப்பேத்துவா. ஆளுக்கு அவ்ளோதான் சீன், ஆனா பேரு நின்னுடுச்சு பாருங்க! குளத்துத் தண்ணியில ஊதுகுழல் மாதிரி இருக்குற ஒரு செல் உயிருக்கும் இதே ஸ்டென்டார்தான் பேரு.

எழுதுறப்போ 'ஸ்டென்டோரியன் வாய்ஸ்'னு குரலுக்கு முன்னாடி போடுங்க. 'கத்தினான்'னு வினையா சொல்லணும்னா இது செட் ஆகாது, அதுக்கு வொசிஃபரேட்.