சேட்டைக் கழுவிப் போடாதீர்கள்

பொலிஸ் சுட்டோ அடித்தோ வீட்டில் ஒருவர் செத்துப்போனால் என்ன செய்வது என்று கேட்டு, மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிகுடியில் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு ஆட்கள் வருவதுண்டு. நான் சட்டம் படித்தவள் இல்லை. அக்காவின் மகன் காவலில் இறந்தபோது அலைந்து திரிந்து கற்றதுதான்.

முதலில் உடுப்பு. ஆஸ்பத்திரியில் அவன் போட்டிருந்த சேட்டை ஒரு சொப்பிங் பையில் போட்டுத் தந்தார்கள். ரத்தம் காய்ந்து அட்டைபோல விறைத்திருந்தது. அக்கா பார்த்தால் தாங்கமாட்டாள் என்று கிணற்றடியில் வைத்துச் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். மூன்று தரம் தண்ணீர் மாற்றியும் வாளி சிவப்பாகவே இருந்தது. எங்கள் கையில் இருந்த சாட்சி அது ஒன்றுதான் என்று சட்டத்தரணி பிறகு சொன்னார். நீங்கள் கழுவாமல் நிழலில் காயவிட்டு, கடதாசிப் பையில் போட்டு, எப்போது யார் தந்தது என்று மேலே எழுதி வையுங்கள். பொலித்தீனில் பூஞ்சணம் பிடித்துவிடும்.

உடலை எரிக்க வேண்டாம், புதையுங்கள். 2021-ல் மட்டக்களப்பில் காவலில் இறந்த ஓர் இளைஞனின் உடலை நீதிமன்ற உத்தரவில் தோண்டி எடுத்து, மறுபடி பிரேத பரிசோதனை செய்தார்கள். சாம்பலில் எதைத் தேடுவது? குளிப்பாட்டும்போது காயங்களுக்குப் பக்கத்தில் ஒரு ஐந்து ரூபாய்க் குற்றியை வைத்துப் படம் எடுங்கள், அளவு தெரியும். நீதவான் விசாரணைக்குச் சட்டத்தரணி ஒருவரைக் கூட்டிப்போய், சந்தேகத்தை அங்கேயே சொல்லுங்கள்.

பொலிஸில் வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதி, கையெழுத்துப் போடு என்பார்கள். "தமிழில எழுதுங்க சேர்" என்றேன். நேரமாகும் என்றார். "பரவாயில்ல, இருக்கன்" என்று வாங்கிலில் இரண்டு மணித்தியாலம் இருந்தேன். எழுதினார்கள்.

இனித்தான் எல்லாரும் கோட்டைவிடும் இடம். பொலிஸ் உரிமையை மீறியது என்று போடும் அடிப்படை உரிமை மனுவைக் கொழும்பு உச்ச நீதிமன்றத்தில்தான் போட வேண்டும். அரசியலமைப்பின் 126-ஆம் உறுப்புரை தருவது ஒரே ஒரு மாதம். 31-ஆம் நாள் கிரியை முடியட்டும் என்று இருந்தால் தவணை போய்விடும். எட்டாம் நாள் செய்யும் எட்டுச் செலவு முடிந்த கையோடு மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அலுவலகம் உண்டு, அவசர இலக்கம் 1996. அந்த ஒரு மாதத்துக்குள் முறைப்பாடு கொடுத்தால், அவர்களுடைய விசாரணை நடக்கும் காலம் தவணையில் சேராது. ஆனால் அதை நம்பிச் சும்மா இருக்க வேண்டாம். முறைப்பாட்டுப் பிரதியில் முத்திரை குத்தி வாங்குங்கள்.

செத்தவருக்காக யார் மனுப் போடுவது என்று கேட்பார்கள். சித்திரவதையால் இறந்த ஒருவரின் மனைவி போட்ட மனுவில், 2003-ல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. சித்திரவதைக்கு 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தில் குறைந்தது 7 வருடச் சிறை. அந்தக் குற்ற வழக்கை அரசு தரப்பில் போடுவது சட்டமா அதிபர், இழுபடும்.

அப்புறம், சமாதானம் பேச வருவார்கள். எங்களுக்கும் ஒருவர் கடித உறையோடு வந்தார். தேத்தண்ணி கொடுத்தேன், உறையைத் தொடவில்லை. அவர் போனதும் மோட்டார் சைக்கிள் இலக்கத்தைக் கலண்டரின் பின்பக்கம் எழுதினேன். அந்தத் தாளும் இப்போது ஆணைக்குழுக் கோப்பில் இருக்கிறது.