பழசா, ஊசிப்போனதா? 1970களை ஒட்டிய ஃபோக் ராக் ஆல்பங்களை இன்று கேட்டுப் பார்க்கும் முறை

போன டிசம்பரில் அக்கா மகள் லீவுக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். "மாமா, நீங்க எப்பவும் சொல்ற அந்த இங்கிலாந்து நாட்டுப்புற ராக் ஆல்பமெல்லாம் இப்பக் கேட்டா அரதப் பழசா இருக்காதா?" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. ஹெட்ஃபோனைக் கொடுத்து இரண்டு பாட்டுப் போட்டேன். எந்த ஆண்டு என்று சொல்லவில்லை, ஒரே குழு என்றும் சொல்லவில்லை. ஒன்று ஜெத்ரோ டல் குழுவின் 'சாங்ஸ் ஃப்ரம் தி வுட்' ஆல்பத்தின் முதல் பாட்டு. மற்றது அதே குழுவின் 'அண்டர் ராப்ஸ்' ஆல்பத்திலிருந்து. இதில் எது பழசு என்று கேட்டேன். யோசிக்காமல் இரண்டாவதைச் சொன்னாள்.

முதலாவது 1977. இரண்டாவது 1984.

ஏழு வருடம் கழித்து வந்தது ஏன் அவள் காதுக்கு மூத்ததாகக் கேட்டது? இந்தக் கேள்விக்கு விடை தெரிந்துவிட்டால் இந்த வகை ஆல்பம் எதையும் நீங்களே எடைபோட்டுவிடலாம். நான் டப்பிங் ஸ்டூடியோவில் இருபது வருடத்துக்கு மேல் மிக்ஸிங் செய்பவன். எனக்குத் தெரிந்த முறையைச் சொல்கிறேன்.

முதலில் 'பழசு' என்ற சொல்லை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பழைய சோறு நேற்றைய சோறுதான். அதனால் அது ஊசிப்போனது என்று யாரும் சொல்வதில்லை. ஆல்பத்திலும் அப்படித்தான். ஒன்று எந்தக் காலத்தில் பதிவானது என்று தெரிவது வேறு, அந்தக் காலத்தோடு முடிந்துபோனதாகத் தோன்றுவது வேறு. நாம் தேடுவது இரண்டாவதை மட்டும்.

அடுத்தது, எந்தப் பதிப்பைக் கேட்கிறோம் என்பது. இதில்தான் பலரும் தவறிவிடுகிறார்கள். ஸ்ட்ரீமிங்கில் ஒரே ஆல்பம் மூன்று நான்கு பதிப்பாகக் கிடக்கும். ரீமாஸ்டர் என்றால் ஏற்கெனவே முடிந்துபோன ஸ்டீரியோ மிக்ஸை எடுத்து மெருகேற்றுவது. ரீமிக்ஸ் என்றால் பல டிராக் டேப்புக்கே திரும்பிப் போய், குரல், டிரம்ஸ், கிட்டார் எல்லாவற்றையும் புதிதாக நிறுத்துப் பொருத்துவது. 'சாங்ஸ் ஃப்ரம் தி வுட்' ஆல்பத்தை ஸ்டீவன் வில்சன் ரீமிக்ஸ் செய்து 2017இல் வந்தது. அதற்கு முன்பே 2011இல் அதே குழுவின் 'அக்வாலங்'. அந்த 1971 ஆல்பத்தின் ஒலியில் பதிவானபோதே ஒரு மூட்டம் இருந்தது, ரீமிக்ஸில் அது விலகியது. மூட்டம் ஸ்டூடியோவுடையது, பாட்டினுடையது இல்லை என்பதற்கு நல்ல சாட்சி அது.

ரீமாஸ்டரில் கவனமாக இருங்கள். நான் பல வருடம் முன்பு ஆசையாக வாங்கிய ஒரு மறுபதிப்பு சி.டி.யில் எல்லாச் சத்தத்தையும் ஒரே மட்டத்துக்குத் தூக்கி நிறுத்தியிருந்தார்கள். மெல்லிய கிட்டாரும் முழுக்குழுவும் ஒரே உரப்பில் வந்தன. ஃபிடில், அதாவது நாட்டுப்புற பாணியில் வாசிக்கும் வயலின், காதைக் கீறியது. இரண்டு பாட்டுக்குமேல் கேட்க முடியவில்லை, அந்த ஆல்பமே எனக்குச் சலித்துவிட்டது என்று ஒரு வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். அப்புறம் நண்பர் ஒருவர் வீட்டில் பழைய எல்.பி.யில் கேட்டபோதுதான் தப்பு எங்கே என்று புரிந்தது. அதனால் இரண்டு பதிப்பை ஒப்பிடும்போது உரப்பாக இருப்பதன் வால்யூமைக் குறைத்து, இரண்டிலும் பாடும் குரல் ஒரே அளவில் வரும்படி வையுங்கள். ஒன்றிரண்டு டெசிபல் கூடுதலாக இருந்தால்கூட 'இதுதான் நல்லா இருக்கு' என்று காது ஏமாந்துவிடும். ஈக்வலைசரை அணைத்துவிடுங்கள். போன் ஸ்பீக்கர் வேண்டாம். சாதாரண ஹெட்ஃபோன் போதும்.

சரி, இப்போது கேட்கலாம். என் வரிசை டிரம்ஸில் தொடங்கும். ஒரு பதிவின் வயதை முதலில் காட்டிக்கொடுப்பது அதுதான். எழுபதுகளில் டிரம்ஸின் தோல்மேல் துணி போட்டு அமுக்குவார்கள், டாம் டிரம்களின் அடித்தோலைக் கழற்றிவிடுவார்கள். அட்டைப்பெட்டியைத் தட்டியதுபோல வறண்ட 'டொப்' சத்தம் வரும். எண்பதுகளில் டிரம் மெஷின் எங்கும் பரவியது. 'அண்டர் ராப்ஸ்' ஆல்பத்தில் டிரம்மரே இல்லை, எல்லாம் மெஷின். அக்கா மகளின் காது பிடித்தது அதைத்தான்.

மெஷின் ஏன் சீக்கிரம் ஊசிப்போகிறது? அது நல்ல கருவி இல்லை என்பதால் அல்ல. அன்று கைக்குக் கிடைத்த மெஷின்கள் சில. அவற்றுக்குள் இருந்த ஒலிகளும் சில. அதே 'டப்' சத்தம் ஆயிரக்கணக்கான ரெக்கார்டில் வந்துவிட்டது. கேட்டவுடன் பாட்டு மனதுக்கு வருவதில்லை, ஆண்டு வருகிறது. ஃபிடிலில் இது நடப்பதில்லை. ஒவ்வொரு வில்லும், ஒவ்வொரு கையும், ஒவ்வொரு அறையும் வேறு. ஆகவே நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி இது: இந்தச் சத்தம் இந்த ஆளுடையதா, அல்லது அந்தக் காலத்தில் எல்லோரும் கடைக்குப் போய் வாங்கியதா?

இதே அளவுகோலை எழுபதுகளுக்கும் வைக்க வேண்டும், அதுதான் நியாயம். மெலட்ரான் என்ற கருவியில் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு டேப் துண்டு இருக்கும். அதில் வயலின் கூட்டமோ கோரஸோ ஏற்கெனவே பதிவாகியிருக்கும். அழுத்தினால் சுமார் எட்டு விநாடி ஓடும். ஸ்ட்ராப்ஸ் குழுவின் 1974 ஆல்பம் 'ஹீரோ அண்ட் ஹீரோயின்' முழுக்க அதில் நனைந்தது. எனக்கு அந்த ஆல்பம் மிகவும் பிடிக்கும். ஆனாலும் ஒப்புக்கொள்கிறேன், அங்கே ஆண்டு முன்னால் வந்து நிற்கிறது. கிரிஃபன் குழுவின் 'ரெட் குவீன் டு கிரிஃபன் த்ரீ' ஆல்பமும் அதே 1974தான். அதில் பசூனும் ரெக்கார்டர் குழலும் வாசிக்கும் இடங்களுக்கு வயதே தெரிவதில்லை. சின்தசைசர் நுழைந்ததும் தெரிந்துவிடுகிறது. ஒரே ஆல்பத்துக்குள் இரண்டும் இருப்பதால் காதைப் பழக்க இது மிக நல்ல பாடம்.

டிரம்ஸுக்குப் பிறகு அறையைக் கேளுங்கள். அதாவது, வாசிப்பவர்கள் ஒன்றாக உட்கார்ந்து ஒருவரையொருவர் கேட்டு வாசிக்கிறார்களா என்று. இதற்கு நான் எப்போதும் எடுப்பது ஃபேர்போர்ட் கன்வென்ஷன் என்ற இங்கிலாந்துக் குழு. 1969 மே மாதம் கச்சேரி முடிந்து லண்டன் திரும்பும்போது எம்1 நெடுஞ்சாலையில் அவர்களுடைய வேன் கவிழ்ந்தது. டிரம்மர் மார்ட்டின் லாம்பிள் இறந்தார், வயது 19. கிட்டாரிஸ்ட் ரிச்சர்ட் தாம்சனின் தோழி ஜீனி ஃபிராங்க்ளினும் இறந்தார். பிழைத்தவர்கள் பழைய பாட்டுகளைத் திரும்ப வாசிக்க மனமில்லாமல், அந்தக் கோடையில் ஹாம்ப்ஷையரில் ஒரு பெரிய வீட்டில் போய்த் தங்கினார்கள். நடனக் குழுக்களில் வாசித்துப் பழகிய டேவ் மேட்டக்ஸ் டிரம்ஸுக்கு வந்தார், டேவ் ஸ்வார்பிரிக் ஃபிடிலுக்கு. பேஸ் வாசித்த ஆஷ்லி ஹட்சிங்ஸ் லண்டனில் செசில் ஷார்ப் ஹவுஸ் நூலகத்தில் பழைய கதைப்பாடல்களைத் தேடி எடுத்தார். அந்த வருடக் கடைசியில் வந்தது 'லீஜ் அண்ட் லீஃப்'.

செல்சியில் ஒரு காலத்தில் பால் பண்ணையாக இருந்த கட்டடத்தில் இயங்கிய சவுண்ட் டெக்னிக்ஸ் ஸ்டூடியோ, ஜோ பாய்ட் தயாரிப்பு, ஜான் வுட் ஒலிப்பதிவு. அதில் 'மேட்டி குரோவ்ஸ்' எட்டு நிமிடத்துக்குமேல் ஓடும்; பிரபுவின் மனைவி ஓர் இளைஞனோடு இருக்கும்போது பிரபு திரும்பிவந்து கொல்லும் கதைப்பாடல். முதல்முறை சாண்டி டென்னியின் குரலை விட்டுவிட்டு மேட்டக்ஸை மட்டும் பின்தொடருங்கள். வித்தை எதுவும் காட்டமாட்டார். வண்டி மாடுபோல ஒரே நடை, ஆனால் கதையில் பிரபு வீடு திரும்பும் இடம் நெருங்க நெருங்க அந்த நடை கனத்துக்கொண்டே போகும். இரண்டாவது முறை குரலைக் கேளுங்கள். கொலை நடக்கும் இடத்தில்கூட அவர் அழவில்லை, நடந்ததைச் சொல்கிறார், அவ்வளவுதான். காலத்துக்குக் காலம் நாகரிகம் மாறுவது அழுகையைக் காட்டும் விதத்தில்தான். அவர் காட்டாமல் விட்டதால் அதில் பழசாக ஒன்றும் இல்லை. அதோடு இந்தக் கதை 1969இலேயே பல நூறு ஆண்டு பழையது. பிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்ட் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொகுத்த 305 கதைப்பாடல்களில் 81ஆவது. அன்றைய ஃபேஷனுக்காக எழுதப்பட்டதில்லை, அதனால் ஃபேஷனோடு போகவும் இல்லை.

மூன்றாவது, தாளம். நம் ஊர்க் காதுக்கு இங்கே ஒரு வசதி உண்டு. பென்டாங்கிள் குழுவின் 'பாஸ்கெட் ஆஃப் லைட்' 1969இல் வந்தது, வாத்தியம் எல்லாமே மின்சாரம் இல்லாதவை. அதில் 'லைட் ஃப்ளைட்' பாட்டை எடுத்துக் கையில் தாளம் போட்டுப் பாருங்கள். ஐந்து, ஏழு, ஆறு என்று எண்ணிக்கை மாறிக்கொண்டே போகும். கண்டமும் மிச்ரமும் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது புதிராக இருக்காது. டேனி தாம்சனின் பெரிய பேஸைப் பிடித்துக்கொண்டால் போதும், விழமாட்டீர்கள். இதே ஐந்தை மிக மெதுவாகக் கேட்க வேண்டுமானால் பாடகர் நிக் டிரேக்கின் 'ரிவர் மேன்'. அதுவும் 1969தான், அதே ஜான் வுட்தான். டிரேக் 1974இல் இறந்தபோது அவருடைய மூன்று ஆல்பமும் அதிகம் விற்றிருக்கவில்லை. 1999இல் ஒரு கார் விளம்பரத்தில் அவருடைய 'பிங்க் மூன்' வந்த பிறகு கூட்டம் தேடி வந்தது. அந்தப் புதிய கேட்பவர்களில் பலர் அதைப் புதுப்பாட்டாகவே எடுத்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். ஒரு குரல், ஒரு கிட்டார், ஓரிடத்தில் கொஞ்சம் பியானோ. ஊசிப்போக அதில் ஒன்றும் இல்லை.

வார்த்தைகளைப் பற்றிச் சுருக்கமாக: இங்கேதான் சில ஆல்பங்கள் நிஜமாகவே சறுக்குகின்றன. இன்கிரெடிபிள் ஸ்ட்ரிங் பேண்டின் 1968 ஆல்பம் 'தி ஹேங்மேன்ஸ் பியூட்டிஃபுல் டாட்டர்' எத்தனையோ பேருக்கு வழிகாட்டியது. ஆனால் அதன் பதின்மூன்று நிமிடப் பாட்டை நான் இன்று ஒரே மூச்சில் கேட்பதில்லை. அந்தக் காலத்து ஹிப்பி மகிழ்ச்சிக்குள் நீங்களும் இருந்தால்தான் அது திறக்கும். மாறாக ஜெத்ரோ டல்லின் 'திக் ஆஸ் எ பிரிக்' (1972) வேறு கதை. இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரே பாட்டு, உறையே பன்னிரண்டு பக்கச் செய்தித்தாள். அன்றைய பிரமாண்டமான கருத்து ஆல்பங்களைக் கேலி செய்யவே இயன் ஆண்டர்சன் அதைச் செய்தார். இது தெரியாமல் கேட்டால் பந்தாவாகத் தோன்றும். தெரிந்து கேளுங்கள்.

கேட்கும் அளவும் முக்கியம். எல்.பி.யின் ஒரு பக்கம் இருபது நிமிடம் சொச்சம். இந்த ஆல்பங்கள் அந்த இருபது நிமிடத்துக்கென்று அடுக்கப்பட்டவை. ஒரு பக்கம் கேளுங்கள், எழுந்துபோய்த் தண்ணீர் குடியுங்கள், அப்புறம் மறுபக்கம். பாட்டுகளைக் கலைத்துப் போடும் ஷஃபிள் வேண்டவே வேண்டாம். ஸ்டீலை ஸ்பான் குழுவின் 'பிலோ தி சால்ட்' (1972) ஆல்பத்தில் 'கௌடேட்டே' என்ற லத்தீன் பாட்டு தூரத்திலிருந்து நடந்து வருவதுபோல மெதுவாக எழும்பி, கடந்துபோவதுபோல அடங்கும். வாத்தியமே கிடையாது, ஐந்து குரல் மட்டும். முன்னும் பின்னும் அதனதன் பாட்டு இருந்தால்தான் அந்த ஊர்வலம் கண்ணில் தெரியும்.

ஒரே நாளில் எல்லாம் வேண்டாம். அக்கா மகளுக்கு நான் வைத்த வரிசை இது: முதல் நாள் 'லைட் ஃப்ளைட்', இரண்டாம் நாள் 'மேட்டி குரோவ்ஸ்', மூன்றாம் நாள் 'சாங்ஸ் ஃப்ரம் தி வுட்' முதல் பக்கம் முழுக்க. கடைசியாகப் பாடகர் ராய் ஹார்ப்பரின் 'ஸ்டார்ம்காக்', 1971, மொத்தமே நான்கு பாட்டு. அதை இரவில் வீடு அடங்கிய பிறகு கேட்கச் சொன்னேன்.

இரண்டாம் நாள் அவள் 'மேட்டி குரோவ்ஸ்' பாதியில் ஹெட்ஃபோனைக் கழற்றி, "கதை முடிஞ்சிருச்சே மாமா, இன்னும் ஓடுது?" என்றாள். கதை முடிந்தபின் வாத்தியங்கள் மட்டும் பாய்ந்து ஓடும் இடம் அது, ஃபிடிலும் கிட்டாரும் ஒன்றையொன்று துரத்தும். "மாட்டிக்கோ, இனிமேதான் இருக்கு" என்றேன். திரும்ப மாட்டிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் அவள் கால் தரையில் தாளம் போட ஆரம்பித்தது.