மீனின் பீனியல் உறுப்பு: அம்பை எந்தப் பக்கம் போடுவது?

மட்டக்களப்பில் உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். மூளையின் மேற்புறத்தில் இருக்கும் சிறு உறுப்பான பீனியலை, மீனில் எப்படி என்று வரையச் சொன்னால், பெரும்பாலான கொப்பிகளில் நரம்புச் செய்தியின் திசையைக் காட்டும் அம்பு மூளையிலிருந்து பீனியலுக்குத்தான் போகும். அது மனிதரின் படம். நமக்கு, கண்ணில் பட்ட ஒளியின் செய்தி மூளைக்குள் போய், கழுத்துப் பரிவு நரம்பு வழியாகச் சுற்றித்தான் பீனியலை அடைகிறது. மீனிலோ பீனியலே ஒளியை உணர்கிறது. விழித்திரையின் கூம்புக்கலங்களைப் போன்ற ஒளிவாங்கிகள் அதற்குள் இருக்கின்றன. அவை அடுத்த நரம்புக்கலங்களோடு இணைய, அவற்றின் நார்கள் கற்றையாகி மூளைக்குள் இறங்குகின்றன. எதிர்த்திசையில் வரும் நார்களும் சில மீன்களில் உண்டு, ஆனால் பிரதான பாதை இதுதான்.

அடுத்த பிழையைத் திருத்தத்தான் எனக்கு அதிக நேரம் போகிறது. ஒளி பட்டால் நரம்பு துடிக்கும் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். பொழுதுபடும் நேரம் கல்லடிப் பாலத்தில் நின்று வாவி இருள்வதைப் பாருங்கள். கீழே நீந்தும் மீனின் பீனியல் நரம்பில் துடிப்பு கூடுவது அப்போதுதான். இருட்டில் ஒளிவாங்கி, குளுட்டமேற்று என்ற நரம்புச் செய்திப் பொருளை விடாமல் வெளிவிட்டு அடுத்த கலத்தைத் தூண்டிக்கொண்டிருக்கும். வெளிச்சம் வந்ததும் அது குறைய, நரம்பும் அடங்கும். புறஊதாவுக்கு ஒரு விதமாகவும் மற்ற நிறங்களுக்கு வேறு விதமாகவும் பதில் சொல்லும் கலங்களும் சில மீன்களில் இருக்கின்றன.

மெலற்றோனினோடு நிறுத்திவிடுவதும் தவறு. அது பீனியல் இரவில் சுரக்கும், இரத்தத்தில் கலந்து ஆறுதலாக வேலை செய்யும் ஓமோன். நரம்புவழிச் செய்தி நொடிப்பொழுதில் ஹபெனுலா, தலமஸ், பிரிடெக்டம், நடுமூளை என்று மூளையின் பல பகுதிகளுக்குப் போய்விடும். விழித்திரை நார்களும் இவற்றில் சில இடங்களுக்கு வருகின்றன. கண்ணும் பீனியலும் அங்கே சந்திப்பது எனக்கு இன்னும் வியப்புத்தான்.

கண்ணில்லாத மீன் ஒளியை உணர்ந்தால் உடனே பீனியலைக் காரணம் சொல்லிவிடாதீர்கள். 1911இல் விலங்கியலாளர் கார்ல் வொன் ஃபிரிஷ் பார்வை நீக்கிய மினோ என்ற சிறு நன்னீர் மீன்களின் தலையுச்சியில் ஒளியைப் பாய்ச்சினார், அவற்றின் தோல் நிறம் மாறியது. பீனியலை அகற்றிய பிறகும் மாறியது. மூளையின் ஆழத்திலும் ஒளிவாங்கிகள் உண்டு.

அப்புறம், விடையில் மீனின் பெயரை எழுதுங்கள். சீப்ரா மீனின் பீனியலுக்குள் இரவு பகல் ஒழுங்கைத் தானே காக்கும் சொந்தக் கடிகாரம் இருக்கிறது, தொடர் இருட்டிலும் மெலற்றோனின் ஏறி இறங்கும். ரெயின்போ ட்ரவுட்டில் அந்தக் கடிகாரம் இல்லை, அங்கே ஒளியும் இருளும்தான் தீர்மானிக்கின்றன.