ஆட்களுக்கு முன்னால் பயப்படுகிறவர்களுக்கு வன்னியில் ஒரு சிகிச்சைக் குழு நடத்துவது எப்படி

பஸ்ஸில் "இறக்கம்" என்று சொல்ல வாய் வராமல், வேறு யாராவது இறங்கும்வரை இருந்து அவரோடு சேர்ந்து இறங்கித் திரும்பி நடந்து வருகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். கலியாணவீட்டுப் பந்தியில் ஆட்கள் பார்ப்பார்கள் என்று சாப்பிடாமலே வெளிக்கிடுகிறவர்களும்தான். ஊரில் இதைக் கூச்ச சுபாவம் என்று விட்டுவிடுவோம். ஆனால் இந்தப் பயம் ஆறு மாதத்துக்கு மேல் நீடித்து, படிப்பையோ வேலையையோ கெடுக்கிறதென்றால் அது சமூகப் பதகளிப்பு, சிகிச்சை உள்ள நோய்.

முதலில் குழுவை நடத்தப் பயிற்சி பெற்ற ஆளைத் தேடுங்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா வைத்தியசாலைகளின் மனநலப் பிரிவில் கேளுங்கள், அல்லது பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தரைப் பாருங்கள். எங்கு போவதென்றே தெரியாவிட்டால் தேசிய மனநல உதவி இலக்கமான 1926க்கு அழைக்கலாம். பயிற்சி இல்லாதவர் நல்ல மனத்தோடு தொடங்கும் குழு பெரும்பாலும் ஆறுதல் கூட்டமாக முடியும், ஆறுதலால் இந்தப் பயம் போகாது.

அமெரிக்காவில் உளவியலாளர் ரிச்சர்ட் ஹைம்பேர்க் இந்தப் பயத்துக்கென்று வகுத்த குழுச் சிகிச்சை முறையில் ஏறக்குறைய ஆறு பேர், நடத்துநர்கள் இரண்டு பேர், வாரம் ஒருமுறை இரண்டரை மணித்தியாலம், 12 வாரம். அளவு நமக்கும் பொருந்தும். சேர்க்க முன் ஒவ்வொருவரோடும் தனியாகக் கதையுங்கள், ஏனென்றால் சனக்கூட்டத்தைத் தவிர்க்கிற எல்லோருக்கும் இருப்பது இந்தப் பயமில்லை. இறுதிப் போரில் பட்டதற்குப் பிறகு இரைச்சலும் நெருக்கமும் தாங்காமல் ஒதுங்கியிருப்பவருக்கு வேறு சிகிச்சை வேண்டும், அவரை இதற்குள் இழுத்துவிடாதீர்கள்.

நம் பக்கத்தில் பெரிய சிக்கல் இரகசியம். யார் யாருடைய பிள்ளை என்று எல்லோருக்கும் தெரியும், மச்சான் முறையில் ஒருவர் பக்கத்துக் கதிரையில் வந்திருந்தால் பிறகு யார் வாய் திறப்பார்? ஆகவே வெவ்வேறு ஊர்க்காரரைச் சேருங்கள், சொந்தக்காரர் இருவரை ஒரே குழுவில் போடாதீர்கள். ஊர்ச் சனசமூக நிலையம் சரிவராது, சந்தியிலிருந்து பார்த்தாலே யார் போகிறார் வருகிறார் என்று தெரிந்துவிடும். ஆட்கள் நூறு அலுவலுக்கு வந்துபோகிற கட்டடத்தில் ஓர் உள்ளறை நல்லது. கடைசிப் பஸ்ஸைப் பார்த்து நேரத்தை வையுங்கள், இல்லாவிட்டால் கதை சூடு பிடிக்கும்போது பாதிப் பேர் மணிக்கூட்டைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

முதல் இரண்டு சந்திப்பில் விளக்கமும் பழக்கமும் போதும். மூன்றாவதிலிருந்து செய்ய வைக்க வேண்டும், குழுவின் முழுப் பெறுமதியும் இதில்தான். கை நடுங்கும் என்று பயப்படுகிற ஒரு பெண்பிள்ளையை எடுங்கள். அவள் எப்போதும் தேத்தண்ணியை அரைக் கோப்பைதான் வார்ப்பாள், இரண்டு கையாலும் இறுக்கிப் பிடிப்பாள். தொடங்க முன் அவளிடம் கேளுங்கள்: என்ன நடக்கும் என்று நினைக்கிறாய், பயம் நூற்றுக்கு எத்தனை? "ஊத்துப்படும், எல்லாரும் சிரிப்பினம், தொண்ணூறு" என்பாள். அதை எழுதி வையுங்கள். பிறகு கோப்பையை விளிம்புவரை நிரப்பி, ஒரு கையால் பிடித்து, ஒவ்வொருவருக்கும் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லுங்கள். கொஞ்சம் ஊத்துப்படத்தான் செய்யும், ஊத்துப்படட்டும். முடிந்ததும் சுற்றியிருந்தவர்களைக் கேட்டால், ஒருவர் கவனிக்கவே இல்லை என்பார், இன்னொருவர் தன் முறை எப்போது வருமோ என்ற யோசனையில் இருந்திருப்பார். இப்போது எத்தனை என்று கேட்டு எழுதியதோடு ஒப்பிடுங்கள். எண் அன்றைக்கே குறையாவிட்டாலும் பரவாயில்லை, நினைத்தது நடந்ததா என்பதுதான் கேள்வி.

அரைக் கோப்பை, குனிந்த தலை, கையில் ஃபோன், சொல்லப்போவதை முன்கூட்டியே மனப்பாடம் பண்ணுவது, இவையெல்லாம் காப்பாற்றுவதுபோல் தெரிந்தாலும் பயத்தை உயிரோடு வைத்திருப்பவை. எந்தப் பயிற்சியிலும் இவற்றை விட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

வீட்டு வேலை இல்லாமல் அனுப்பாதீர்கள். பஸ்ஸில் சத்தமாக "இறக்கம்" சொல்வது, கடையில் வாங்கிய சாமானை மாற்றித்தரக் கேட்பது, கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் எழும்பி ஒரு கேள்வி கேட்பது. லேசானதிலிருந்து தொடங்கட்டும், எதைச் செய்வதென்று அவர்களே தெரிவு செய்யட்டும், நீங்கள் தள்ளிவிட்டால் அடுத்த வாரம் வரமாட்டார்கள்.

குழுவே ஏலாது என்பவரைக் கட்டாயப்படுத்த வேண்டாம். சிகிச்சை வழிகாட்டல்களை வகுக்கும் பிரித்தானியாவின் நைஸ் (NICE) அமைப்பின் 2013 வழிகாட்டல் வளர்ந்தவர்களுக்குத் தனிநபர் சிகிச்சையைத்தான் முதலில் வைக்கிறது. நம்மிடம் பயிற்சி பெற்றவர்கள் குறைவு, அதனால் குழு கைகொடுக்கிறது, அவ்வளவுதான். பயத்தோடு மனச்சோர்வும் கடுமையாக இருந்தாலோ, சாக வேண்டும் என்ற கதை வந்தாலோ காத்திருக்காமல் மனநல வைத்தியரிடம் அனுப்புங்கள்.

ஒருவர் வராமல் விட்டால் அன்றைக்கே அழையுங்கள். "ஏன் வரேல்லை" என்று தொடங்காமல், அடுத்த கிழமை என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லி, அதில் அவருக்குக் கஷ்டமானது எது என்று கேளுங்கள்.